அறுபத்து நான்காவது வரி

ஆபீஸில் அவளுக்கு மார்ஜின் அக்கா என்று பெயர். வைத்தது யாரோ தெரியாது, காரணம் எல்லோருக்கும் தெரியும். பக்கத்தின் இடது ஓரத்தில் எழுத்து ஒரு மயிரிழை உள்ளே தள்ளியிருந்தால் போதும், கைப்பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை உருவிவிடுவாள். பம்பு செய்கிற கம்பெனியில் கையேடு தயாரிக்கிற பிரிவு அது. பம்பை எப்படிப் பொருத்துவது, எப்படிக் கழற்றுவது, திடீரென்று சத்தம் போட்டால் என்ன செய்வது என்று இருபத்து நான்கு அத்தியாயம், எண்ணூற்று அறுபது பக்கம். பத்தொன்பது வருஷமாக அவள் அந்தக் கையேட்டோடுதான் குடித்தனம் நடத்துகிறாள் என்று டீ இடைவேளையில் சொல்வார்கள். அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

முதல் பன்னிரண்டு அத்தியாயம் அவளுடைய பொறுப்பு. அடுத்த பன்னிரண்டு சம்பந்தியுடையது. கேலிக்குச் சொல்கிற சம்பந்தி இல்லை, நிஜச் சம்பந்தி. ஒரே அறையில் எட்டு வருஷம் முதுகோடு முதுகு உட்கார்ந்து வேலை பார்த்த இரண்டு பெண்கள், ஒருத்தியின் மகளை இன்னொருத்தியின் மகனுக்குக் கொடுத்து நாலு வருஷம் ஆகிறது. அதுவரை 'அக்கா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அடுத்த நாளே 'சம்பந்தி' என்று கூப்பிட ஆரம்பித்தாள். தெரிந்த வீடு, தெரிந்த மாமியார், பெண்ணைப் பற்றிக் கவலையே இல்லை என்று மார்ஜின் அக்கா நிம்மதியாகத் தூங்கிய காலம் அது.

இப்படியிருக்கும்போதுதான் சாஃப்ட்வேரை மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. இருபது வருஷமாக அந்தப் பிரிவில் ஓடிக்கொண்டிருந்த பழைய சாஃப்ட்வேர் புதுக் கம்ப்யூட்டர்களில் ஓட மாட்டேன் என்று அடம் பிடித்தது. அதைச் செய்த கம்பெனியும் கடையைக் கட்டிவிட்டது. கையேடு முழுவதையும் புதியதற்குக் கொண்டுபோக வேண்டும். மேனேஜர் பிரிவையே கூட்டி வைத்து, எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்.

மார்ஜின் அக்கா எழுந்து நின்று, "ஒன்பது நாள் சார்" என்றாள்.

"எண்ணூறு பக்கம் மேடம். வெளியாளைக் கேட்டேன், ஆறு மாசம்னு சொல்றாங்க."

"அவங்களுக்கு ஆறு மாசம் ஆகும் சார். நாங்க எல்லாத்தையும் ஸ்டைல் போட்டுத்தான் செஞ்சிருக்கோம்."

ஸ்டைல் என்றால் பகட்டு இல்லை. தலைப்பு என்றால் எழுத்து இவ்வளவு பெரிது, மேலே இவ்வளவு இடைவெளி, கீழே இவ்வளவு என்று ஒருமுறை சொல்லி, அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவது. அப்புறம் எங்கே தலைப்பு வந்தாலும் அந்தப் பெயரைக் கொடுத்தால் போதும். நாளைக்கு மனசு மாறினால் ஓரிடத்தில் மாற்றினால் எண்ணூறு பக்கத்திலும் மாறிவிடும். பழையதில் உள்ள பெயருக்கு இணையாகப் புதியதில் என்ன பெயர் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டால், மாற்றும் வேலையைப் புது சாஃப்ட்வேரே செய்துவிடும். சம்பந்தி வேலைக்குச் சேர்ந்த வருஷம் இதை அவளுக்கு உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தவள் மார்ஜின் அக்காதான். ஒரு சாயங்காலம், இரண்டு மணி நேரம். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுதுக்கா." அதோடு சரி. ஒவ்வொரு வருஷமும் மேனேஜருக்குப் போகும் படிவத்தில், சம்பந்தியின் பெயருக்கு எதிரே 'ஸ்டைல் நன்றாகத் தெரியும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் அவள்தான்.

பட்டியலை ஒரு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தயாரித்தாள். இடது பக்கம் பழையது, வலது பக்கம் புதியது. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. பழையதில் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்த பொத்தானைப் புதியதில் மூன்று மெனுவுக்கு உள்ளே ஒளித்து வைத்திருந்தார்கள். தலைப்பு ஒரு பக்கத்தின் அடியில் தனியாக நிற்காமல் அடுத்த பத்தியோடு சேர்ந்தே நகரும்படி செய்கிற வசதி, பழையதில் ஒரு சின்ன டிக். புதியதில் அதைக் கண்டுபிடிக்க ஒரு முழு மத்தியானம் போயிற்று. "வீட்டை மாத்துனவன் உப்பு டப்பாவை எங்க வச்சான்னு தேடற மாதிரி இருக்கு" என்று புலம்பினாள். பின்னாலிருந்து சம்பந்தி சிரித்தாள். "நீங்க இருக்கீங்கல்ல சம்பந்தி, எனக்கென்ன கவலை" என்றாள்.

அறுபத்து மூன்று வரியில் பட்டியல் முடிந்தது. திங்கட்கிழமை தன்னுடைய அத்தியாயங்களைப் புதியதில் ஏற்றினாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பன்னிரண்டும் உள்ளே போய், அச்சு அசலாக அப்படியே வந்து நின்றன. அவள் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். ஒரு மயிரிழை பிசகவில்லை. பக்கத்து சீட் வரைபடக்காரர் எட்டிப் பார்த்து, "அக்கா, உங்களுக்குக் கோயிலே கட்டலாம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை சம்பந்தியின் பதின்மூன்றாம் அத்தியாயத்தை ஏற்றினாள். தலைப்புகள் பக்கத்தின் நடுவிலிருந்து சரிந்து எங்கெங்கோ போய் நின்றன. அட்டவணையில் நட்டின் அளவு இருக்க வேண்டிய இடத்தில் பாதி நட்டும் பாதி போல்ட்டும் இருந்தன. ஒரு பக்கத்தில் ஒரே ஒரு வரி, அடுத்த பக்கம் சுத்த வெள்ளை. பதினான்கு, பதினைந்து, பதினாறும் அதே கதி. பட்டியலில்தான் எங்கோ கோட்டை விட்டிருக்கிறேன் என்று நினைத்தாள். அறுபத்து மூன்று வரியையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். புதன்கிழமை மறுபடியும் பார்த்தாள். தன் மேல் சந்தேகப்பட்டு அவளுக்குப் பழக்கமே இல்லை. அந்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

புதன் சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். அறையில் சம்பந்தி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், லிஸ்ட்ல தப்பு இருக்குன்னு இவங்க சொல்றாங்களே. உங்க சாப்டருக்குச் சரியா வருது, அவங்க சாப்டருக்கு வர மாட்டேங்குது. நீங்க உங்களோடத மட்டும் மனசுல வச்சு லிஸ்ட் போட்டுட்டீங்களோ?"

மார்ஜின் அக்கா சம்பந்தியைப் பார்த்தாள். சம்பந்தி மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி நான் சொல்லல சார்" என்றாள் சம்பந்தி. "லிஸ்ட்ல ஏதோ விட்டுப் போயிருக்கும்போலன்னுதான் சொன்னேன்."

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எல்லோர் முன்னாலும் ஏற்றிக் காட்ட வேண்டும், பட்டியல்தான் தப்பு என்றால் வேலை வெளியாளுக்குப் போய்விடும் என்றார். மார்ஜின் அக்காவுக்கு உதிரிப்பாகக் கிடங்கில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதையும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பத்தொன்பது வருஷம் கழித்து வாஷர் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டும்.

அவளுக்கு ஒரு கொள்கை இருந்தது. அடுத்தவர் ஃபைலை உள்ளே போய்ப் பார்க்க மாட்டாள். அது அடுத்தவர் பையைத் திறக்கிற மாதிரி என்பாள். இத்தனை வருஷமும் சம்பந்தியின் அத்தியாயங்களை அச்சடித்த காகிதத்தில்தான் பார்த்திருக்கிறாள், ஸ்கேலும் காகிதத்தின் மேல்தான் ஓடியிருக்கிறது. வியாழக்கிழமை காலை, சம்பந்தி வருவதற்கு முன்னால், அந்தக் கொள்கையைத் தூக்கி ஓரமாக வைத்தாள். பழைய சாஃப்ட்வேரில் பதின்மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து, மறைந்திருக்கும் குறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினாள்.

திரை முழுக்கப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஸ்பேஸ் பாரில் ஒரு தட்டு. தலைப்பை நடுவுக்குக் கொண்டுவர முப்பத்தேழு புள்ளி. அட்டவணை என்று அவள் நினைத்ததெல்லாம் வெறும் இடைவெளி. அடுத்த பக்கத்துக்குப் போக, என்டர், என்டர், என்டர் என்று இருபத்திரண்டு முறை தட்டியிருந்தது. பொருளடக்கத்தின் பக்க எண்களை ஒவ்வொன்றாகக் கையால் அடித்திருந்தாள். ஒரு ஸ்டைல்கூட இல்லை. எழுத்தின் அகலம் ஒரு இம்மி மாறினாலே எல்லாம் சரியத்தான் செய்யும். பட்டியலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

"புரிஞ்சுதுக்கா" என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தலையாட்டிய தலை அவள் கண்முன் வந்து நின்றது. என் தலையிலேயே மிளகாய் அரைத்திருக்கிறாள் என்று நினைத்தாள். தெரியாது என்று சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், திட்டிவிட்டு மறுபடி சொல்லிக் கொடுத்திருப்பேன். தெரியும் என்று என்னைக் கையெழுத்துப் போட வைத்து, கடைசியில் என் பட்டியல் மேலேயே பழி போடுகிறாளே.

பதினான்கு, பதினைந்து, பதினாறு, எல்லாம் புள்ளிக் காடு. பதினேழாவதைத் திறந்தாள். அங்கே புள்ளி இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒன்று, அவ்வளவுதான். அட்டவணை அட்டவணையாக இருந்தது. பொருளடக்கம் தானாக எண் போட்டிருந்தது. அவளுடைய அத்தியாயங்களைவிடச் சுத்தம் என்றுகூடச் சொல்லலாம். பதினெட்டு, பத்தொன்பது, இருபத்தொன்றும் அப்படியே. எல்லாம் இந்த நாலு வருஷத்துக்குள் திருத்தி எழுதியவை. ஒன்றும் புரியாமல், பதினேழாவதைப் புதியதில் ஏற்றினாள். பாதி வழியில் அது நின்று, ஒரு சின்னப் பெட்டியைக் காட்டியது. 'அம்மா தலைப்பு: இந்தப் பெயருக்கு இணை எதுவும் பட்டியலில் இல்லை.'

அவள் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அளவு என்னவென்று பார்க்கத் தேவையில்லை, ஆனாலும் பார்த்தாள். மேலே பதினெட்டு பாயிண்ட் இடைவெளி, கீழே ஆறு. உலகத்தில் வேறு யாரும் அப்படி வைப்பதில்லை, மேலே மூன்று பங்கு இடம் விட்டால்தான் தலைப்பு மூச்சு விடும் என்பது அவளுடைய சொந்தக் கிறுக்கு. மகளுக்குப் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தில் ஒரு அறிவியல் கட்டுரை கேட்டார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் அதை அடிக்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தலைப்புக்கு ஸ்டைல் போடு, போட்டே ஆகணும் என்று கரடியாகக் கத்தினாள். "இதுக்கு என்ன பேர் வைக்கிறது?" என்று கேட்டுவிட்டு, குட்டி தானே 'அம்மா தலைப்பு' என்று அடித்தது. "உனக்குத்தானே பிடிக்குது, நீயே வச்சுக்கோ" என்றது. கல்லூரி போகிறவரை அந்தப் பெயரை அது மாற்றவே இல்லை.

ஃபைல் எதுவும் ஆபீஸை விட்டு வெளியே போகக் கூடாது என்று வருஷா வருஷம் கையெழுத்து வாங்குவார்கள். போனால் வேலை போகும். சம்பந்தி கொண்டுபோயிருக்கிறாள். வீட்டில் மருமகள் உட்கார்ந்து செய்து கொடுத்திருக்கிறாள்.

மாடிப்படியில் போய் நின்றுகொண்டு மகளுக்குப் போன் போட்டாள். நாலு வருஷமாக வார நாளில் கூப்பிட்டால் கிடைக்கிற பதில் ஒன்றே ஒன்றுதான். இன்றைக்கும் அதேதான் கிடைத்தது.

"வேலை இருக்கும்மா, ஞாயித்துக்கிழமை பேசறேன்."

"என்ன வேலை? இருபத்திரண்டாவது சாப்டரா?"

மறுமுனையில் பின்னால் எங்கோ குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"அம்மா…"

"எத்தனை வருஷமா?"

"கல்யாணமான மூணாவது மாசத்துலேர்ந்து. அத்தை ஆபீஸ் விட்டு வந்து கட்டில்ல உக்காந்து அழுவாங்கம்மா. அது எதுவும் மண்டையில ஏறல, உங்கம்மாகிட்ட ரெண்டாவது தடவை கேக்கப் பயமா இருக்குன்னு அழுவாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா நீ சும்மா விட்டிருப்பியா? ஸ்கேலை எடுத்துக்கிட்டு வந்திருப்ப."

வந்திருப்பாள்தான். ஆனாலும் அவள் விடவில்லை.

"சரி. என் லிஸ்ட் தப்புன்னு உங்க அத்தை மேனேஜர்கிட்ட சொன்னது உனக்குத் தெரியுமா?"

மகள் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"தெரியும்" என்றாள் மகள். "பயத்துல சொல்லிட்டாங்கம்மா. சொல்லிட்டு வந்து என்கிட்டதான் சொன்னாங்க. நீ எப்படியும் சமாளிச்சிடுவ. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அவங்களுக்கு இந்த வேலையை விட்டா வேற என்ன இருக்கு? நாளைக்கு அந்தக் குறியை மட்டும் போட்டுக் காட்டாதேம்மா. ப்ளீஸ்."

மார்ஜின் அக்கா போனை வைத்துவிட்டு, படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தி முதுகில் குத்தியது வலித்தது, ஆனால் அந்த வலிக்கு ஒரு கணக்கு இருந்தது. பயந்தவள், மாட்டிக்கொண்டவள், எதையோ பிடித்துத் தப்பிக்கப் பார்த்தவள். மகளுக்கு என்ன பயம்? ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷப் பேச்சுக்காக ஆறு நாள் காத்துக்கிடந்தவள் இவள். மகளுக்கு வேலை அதிகம், பாவம், அலைகிறாள் என்று யார் யாரிடமோ பரிதாபப்பட்டவள் இவள். அந்த வேலை இவளுடைய ஆபீஸ் வேலைதான். இவளிடம் கற்றதை வைத்தே இவளை ஏமாற்ற நேரம் இருந்திருக்கிறது, இவளோடு பேசத்தான் நேரம் இல்லை. அவள் வாய்விட்டு அழுதாள். தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு மேலே வந்தவர் ஒதுங்கி நின்று, பேசாமல் திரும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அறை நிறைந்திருந்தது. மேனேஜருக்கும் மேலே உள்ள இரண்டு பேர் முன் வரிசையில் இருந்தார்கள். சம்பந்தி கதவுக்குப் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மார்ஜின் அக்கா பதின்மூன்றாம் அத்தியாயத்தைப் பெரிய திரையில் திறந்தாள். கை ஒரு நொடி நின்றது. அப்புறம் குறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினாள்.

முன் வரிசையில் ஒருவர் "அட" என்றார். ஸ்டைல் எப்படி இருக்க வேண்டும், இங்கே என்ன இருக்கிறது என்று அவள் நாலே வாக்கியத்தில் சொன்னாள். இல்லாத ஒன்றுக்குப் பட்டியலில் இணை போட முடியாது என்று முடித்தாள்.

எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். சம்பந்தி எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் வாய் ஓடியது.

"அப்ப எனக்குத் தெரியாது சார். உண்மைதான். அப்புறமா நானே கத்துக்கிட்டேன். பதினேழைத் திறந்து பாருங்க சார், எப்படி இருக்குன்னு."

மேனேஜரே எழுந்து வந்து பதினேழை ஏற்றினார். பாதியில் பெட்டி வந்தது. அவர் அதை உரக்கப் படித்தார்.

"அம்மா தலைப்பு. இது என்ன பேரு?"

"எங்கம்மா ஞாபகமா வச்சது சார்" என்றாள் சம்பந்தி.

சொல்லிவிட்டு அவள் மார்ஜின் அக்காவைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வைதான். கெஞ்சிக்கொண்டே ஒருத்தி இன்னொருத்தியின் கழுத்துச் சங்கிலியைக் கழற்ற முடியும் என்பது மார்ஜின் அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது என் மகள் வைத்த பெயர், அந்த அம்மா நான்தான். சொன்னால் ஃபைல் வெளியே போன கதை வெளியே வரும், சம்பந்தியின் வேலை போகும், சாயங்காலம் அந்த வீட்டில் என் மகள் எந்த முகத்தோடு நிற்பாள்? நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கினாள்.

"அப்படியா மேடம்?" என்று மேனேஜர் கேட்டார்.

"ஆமா சார். அவங்க வச்சதுதான்."

மேனேஜர் பக்கங்களைத் தள்ளிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு மகிழ்ச்சி. "ரொம்பச் சுத்தமா இருக்கே. நீங்க நல்லா கத்துக் கொடுத்திருக்கீங்க மேடம்" என்றார்.

"ஆமா சார்" என்றாள் அவள். "நல்லாத்தான் கத்துக் கொடுத்தேன்."

பழைய அத்தியாயங்களை இருவரும் சேர்ந்து சரி செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. பட்டியலில் தப்பில்லை என்று முன் வரிசைக்காரர்களே சொன்னார்கள். கிடங்கு நாற்காலியைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. பெட்டி மட்டும் திரையில் அப்படியே காத்துக்கொண்டு நின்றது.

"இதுக்கு இணையா என்ன போடலாம் மேடம்?"

அவள் கீபோர்டை இழுத்தாள். அறுபத்து நான்காவது வரி. இடது பக்கம் 'அம்மா தலைப்பு'. வலது பக்கம், எல்லா ஊரிலும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் வாங்கும்போதே இருக்கிற பெயர்: 'தலைப்பு 2'. என்டர் தட்டினாள். ஒரே நொடியில் எழுபத்தொரு இடத்தில் மாறியது. மேலே இருந்த பதினெட்டு பத்தாகிவிட்டது, தலைப்புகள் கொஞ்சம் மேலேறி ஒட்டிக்கொண்டன. யாரும் கவனிக்கவில்லை. இந்தப் பெயரில் இனி எதுவும் இல்லை, நீக்கிவிடலாமா என்று புதியது கேட்டது. நீக்கினாள்.

சீட்டுக்குத் திரும்பியபோது பின்னாலிருந்து "சம்பந்தி" என்று மெல்லக் கூப்பிட்டது குரல். அவள் திரும்பவில்லை. மேஜை மேல் போன் அதிர்ந்தது. நாலு வருஷத்தில் முதல்முறையாக, வார நாளில், வேலை நேரத்தில், மகள். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்து, அப்புறம் ஒரு செய்தியாக வந்தது. 'அம்மா, அத்தை சொன்னாங்க. நீ ஒண்ணும் சொல்லலையாமே. தேங்க்ஸ்மா. உடனே உன்கிட்ட பேசணும்.'

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாகப் பதில் அடித்தாள். 'வேலை இருக்கு. ஞாயித்துக்கிழமை பேசறேன்.'